கூழைக்கடா பை வாங்கிய விலை

அந்தக் காலத்தில், பறவைகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தை மாதம் ஏழாம் நாள், விடிந்து இரண்டு நாழிகைக்கு, முப்பத்திரண்டு கூழைக்கடாக்கள் மஞ்சணத்திக் குளத்தில் வந்து இறங்கின. முதலில் இறங்கியவள் பெயர் ஆவுடை. இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள்.

அப்போது கூழைக்கடாவின் அலகு வெறும் அலகுதான். இரண்டு மூங்கில் பிளாச்சுகளைச் சேர்த்துக் கட்டியது போல நீளமாக இருக்கும்; அடியில் பை கிடையாது. ஒரு தடவைக்கு ஒரு மீன் கொண்டுவரலாம். குளம் நிறைந்திருந்தவரை அதுவே போதும்.

வந்த இடத்தில் சில மாதம் தங்கிக் குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்ததும் கிளம்பிவிடுவது அவர்கள் வழக்கம். சாமான் எதுவும் கொண்டுவருவதில்லை. "பறக்கிறவளுக்குப் பாத்திரம் எதுக்கு?" என்பது ஆவுடையின் கட்சி.

மாசியில் அவளுக்கு மூன்று குஞ்சுகள் பொரித்தன. குளத்தைச் சுற்றிப் பருந்துகள் இருந்ததால் குஞ்சுகளுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள்: அவள் குரல் கேட்காமல் வாயைத் திறக்கக்கூடாது. யார் வந்து நின்றாலும் சரி, மீனையே நீட்டினாலும் சரி. குஞ்சுகள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

அந்த வருடம் பங்குனி பாதியில் குளம் வற்றியது. மீனும் தண்ணீரும் கிழக்கே இரண்டு காத தூரத்தில் ஆற்று மடுவில்தான் மிச்சம். ஆவுடையும் அவள் புருஷன் சொரிமுத்துவும் பொழுதுக்கும் பறந்தாலும் நாளுக்கு ஆறு மீன்தான் வந்து சேர்ந்தது. தண்ணீர் வரவே இல்லை. மூன்றாவது குஞ்சு கழுத்தைக் கூட்டு விளிம்பில் போட்டுவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கினா..." என்றான் சொரிமுத்து.

"உம்மகிட்ட நாள் கேட்டேனா? ஒரு பாத்திரம் வேணும். தண்ணியும் கொள்ளணும், மீனும் கொள்ளணும், தூக்கினா கனம் தெரியக்கூடாது. விலையும் நம்ம தரத்துக்கு இருக்கணும்."

"ரெண்டு பாத்திரமா வாங்கிட்டா..."

"அலகு எத்தனை இருக்கு உமக்கு?"

சொரிமுத்து மீனுக்குப் போனான். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவன் எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை.

ஆவுடை முதலில் மண்குளவியிடம் போனாள். சொன்ன அளவுக்குக் கலயம் வனைந்து கொடுத்தது குளவி. வேலைப்பாட்டில் குறை இல்லை. ஆவுடை அதைக் கவ்விக்கொண்டு காய்ந்த குளத்தின் குறுக்கே மூன்று முறை ஓடினாள். கால் தரையை விட்டு எழவில்லை.

"கலயத்தைத் தூக்கலாம், இல்லாட்டா என்னைத் தூக்கலாம்" என்று திருப்பி வைத்தாள். "ரெண்டையும் சேத்துத் தூக்க அனுமார்தான் வரணும்."

தூக்கணாங்குருவி பின்னிக் கொடுத்த கூடை பூப்போல இருந்தது. மீன் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. அணிலிடம் ஒரு சிரட்டை இருந்தது. கனமில்லை, ஒழுகவில்லை, ஒரு வால் இறகுக்குக் கிடைத்தது. இதுதான் என்று முடிவு செய்து மடுவில் மொண்டுகொண்டு பறந்தாள். பிடிக்கக் காது இல்லாத பாத்திரம் காற்றில் ஒரு புரட்டு புரண்டு, மூன்றாவது வயலில் விழுந்தது. அன்று மாலையே ஒரு நண்டு அதில் குடியேறியது.

வெறும் அலகோடு திரும்பியவளைக் கரண்டிவாயன் பார்த்தான். அலகின் நுனி கரண்டி போல அகன்ற பறவை அவன்; அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"என்ன மதினி, கரண்டி இரவல் வேணுமா?"

"கும்பாவே இல்லாத வீட்டுல கரண்டியை வச்சு என்ன, முதுகு சொறியவா?"

கரண்டிவாயன் சிரித்தான். பிறகு, "தாழம்புதர் அடியில ஒரு ஊமைத் தவளை இருக்கு. அதுகிட்ட ஒரு பை உண்டு. விரிச்சா ஒரு குடம், சுருக்குனா ஒரு வெத்திலை. ஆனா அதுகிட்டப் பேரம் செல்லாது, சொல்லிட்டேன்" என்றான்.

"நான் பேசி முடியாத பேரமா?" என்றாள் ஆவுடை.

அந்தக் காலத்துத் தவளைகளுக்குக் குரல் இல்லை. அதற்குப் பதிலாகத் தாடைக்கு அடியில் ஒரு பெரிய தோல்பை இருந்தது. கோடைக்குத் தேவையான தண்ணீரை அதில் நிரப்பிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்துவிடும். மழை வந்தது தெரிந்து வெளியே வந்தாலும், துணையைக் கூப்பிட வழி கிடையாது. தாழம்புதர்த் தவளை ஒன்பது மழையைத் தனியாகப் பார்த்திருந்தது.

ஆவுடை பையை இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு கசியவில்லை. அலகோடு சேர்த்துத் தைத்துவிட்டால் விழவும் விழாது. பக்கத்து மரத்துத் தையல்சிட்டைக் கூட்டிவந்து சாட்சிக்கு வைத்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கினாள்.

"பழைய பை. ரெண்டு மீன் தாரேன்."

தவளை கண்ணை மூடித் திறந்தது.

"சரி, அஞ்சு."

தவளை கண்ணை மூடித் திறந்தது.

"பத்து மீனு, வர்ற வருசமும் பத்து. இதுக்கு மேல கேட்டா நியாயமே இல்லை. சரி, இருவது. என்னவே இது, கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கு? முப்பது! முப்பதுக்கு மேல ஒரு செதில் கிடையாது. நாப்பது!"

பேரம் பேசப் பேச விலை ஏறிக்கொண்டே போனது. ஏற்றியது ஆவுடைதான். பேசாத வியாபாரியிடம் பேரம் பேசுவது அவளுக்கு அது முதல் முறை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது தவளை முன்காலை நீட்டி அவள் தொண்டையைத் தொட்டது.



"குரலைக் கேக்குது" என்றது தையல்சிட்டு. "யோசிங்க யக்கா. உங்க சத்தம் கேக்காம பிள்ளைங்க வாய் திறக்காதுன்னு குளத்துக்கே தெரியும். குரலைக் குடுத்துட்டு மீனைக் கொண்டுபோய் என்ன செய்வீங்க?"

"சட்டம் போட்டவ நான். அதை எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

ஆவுடை கூடு இருந்த திசையைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அலகைத் தவளையின் வாய்க்கு நேரே குனிந்து வைத்தாள்.

"தையும்" என்றாள் சிட்டிடம்.

அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன சொல். தவளை அதை விழுங்கிக்கொண்டது.

தையல்சிட்டு பையை அறுத்து, சிலந்தி நூலால் அவள் கீழ் அலகின் இரு ஓரத்திலும் நெருக்கமாகத் தைத்தது. அறுத்த இடத்தைத் தைத்து மூட ஒரு விரற்கடைத் தோலைத் தவளையின் தாடையிலேயே விட்டுவைத்தது. ஆவுடை மடுவுக்குப் பறந்தாள். ஒரே அள்ளலில் பதினான்கு மீனும் இரண்டு படித் தண்ணீரும் வந்தன. பறக்கும்போது பையின் கனமே தெரியவில்லை.

கூட்டுக்கு வந்தபோது உச்சிப்பொழுது. சொரிமுத்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. தாடைக்கு அடியில் ஏதோ தொங்க, சத்தமில்லாமல் வந்து நின்ற பறவையைக் குஞ்சுகள் பார்த்தன. மூன்றும் வாயை இறுக மூடிக்கொண்டன.

ஆவுடை தொண்டையை முக்கினாள். காற்றுதான் வந்தது. ஒரு மீனை எடுத்து நீட்டினாள்.

"வாங்காதே. அம்மா சொல்லியிருக்கா" என்று மூடிய அலகுக்குள்ளேயே முனகியது மூத்தது.

"பையைப் பாரு, பிள்ளை பிடிக்கிற பை" என்றது இரண்டாவது.

ஆவுடை தான் போட்ட சட்டத்தின் முன்னால் நின்றாள். அது உறுதியான சட்டம். அவளே போட்டது என்பதால் அதில் ஓட்டை இருக்கவில்லை. மூன்றாவது குஞ்சின் கண் பாதி செருகிவிட்டது.

அவள் அலகை முழுக்கத் திறந்து, கூட்டின் மேல் தாழ்த்தி, அசையாமல் பிடித்தாள். வெயில் பைக்குள் விழுந்தது. உள்ளே தண்ணீர் ஆடியது. மூன்றாவது குஞ்சு அதைப் பார்த்தது. சட்டத்தை நினைக்கும் நிலையில் அது இல்லை. கூட்டு விளிம்பிலிருந்து கழுத்தை இழுத்து, தலையை அப்படியே பைக்குள் விட்டது. தலை போயிற்று, கழுத்து போயிற்று, பாதி உடம்பும் போயிற்று.

"ஐயோ, முழுங்கிட்டு! தம்பியை முழுங்கிட்டு!" என்று மற்ற இரண்டும் கூவின. மற்ற பதினைந்து கூட்டிலிருந்தும் தலைகள் நீண்டன.

பைக்குள் ஏதோ குலுங்கியது. பிறகு குஞ்சு வெளியே வந்தது. வாயில் குறுக்காக ஒரு கெண்டை. அதை விழுங்கி முடித்துவிட்டுத்தான் பேசியது.

"அம்மாதான். உள்ளே அவ வாடை அடிக்குது. கூப்பாடு போடாம வாங்க, தண்ணியும் இருக்கு."

சொரிமுத்து ஒரு மீனோடு வந்தான். நடந்ததைக் குஞ்சுகள் சொல்லக் கேட்டான். பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் குறுக்கிட ஆள் இல்லாததால் அன்றும் மறுநாளும் விடாமல் பேசினான். எல்லா வாக்கியங்களையும் முடித்தான். மூன்றாம் நாள் காலை, பதில் வராத பேச்சில் ருசி இல்லை என்று கண்டுகொண்டு, அவனும் தாழம்புதர்ப் பக்கம் ஒரு தவளையைத் தேடிப் போனான். சித்திரை பிறப்பதற்குள் மற்ற முப்பது பேரும் போய்வந்தார்கள். பை வாங்கிய எந்தக் கூட்டிலும் அந்தக் கோடையில் குஞ்சு சாகவில்லை.

அந்தக் குரல்களைத் தவளைகள் வீணாக்கவில்லை. தாடையில் மிஞ்சிய ஒரு விரற்கடைத் தோலில் அவற்றை வைத்துக்கொண்டன. முதல் மழை விழுந்ததும் தாழம்புதர்த் தவளை அந்தத் தோலை ஊதிக்கொண்டு கூப்பிட்டது. பேரக்காரியின் குரல் என்பதால், பதில் வரும்வரை நிறுத்தவில்லை.

அன்று முதல்தான் வளர்ந்த கூழைக்கடா பேசுவதில்லை. கும்பாவும் குவளையுமான பையை அலகிலேயே சுமக்கிறது. அதன் குஞ்சு தாயின் வாய்க்குள் தலையை விட்டுத்தான் தின்கிறது. முதல் முறை பார்க்கிறவர்கள் இன்றும் அது குஞ்சை விழுங்குவதாக நினைத்துப் பதறுகிறார்கள். குஞ்சுகளுக்கு மட்டும் குரல் உண்டு. பை வளர வளர அது தேய்ந்துவிடும்.

அந்த வருடம் ஆனி மாதம் நான்காம் நாள், விடிந்து இரண்டு நாழிகைக்கு, மூன்றாவது குஞ்சு மஞ்சணத்திக் குளத்தை விட்டுப் பறந்தது. அதற்குள் அதன் அலகிலும் பை வளர்ந்திருந்தது; போகும்போது அது எதுவும் சொல்லவில்லை.