கருங்கல் அஸ்திவாரம்

மண்வீடு கட்டுவதையே தவமாகக் கொண்டவர் தாயம்மை. அவரிடம் சீடராகச் சேர்ந்த சுடலைமுத்துவுக்கு அவரைவிட வயது அதிகம். லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

பேச்சித்தாயின் வீடு போன இரண்டு மழைக்கும் கரைந்துவிட்டது. அதனால் இந்த முறை பழைய லாரி டயர்களைத் தரைக்கு மேல் முழங்கால் உயரம்வரை அடுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் மண்ணைக் கொட்டிச் சம்மட்டியால் இடித்து இறுக்கி, அதன்மேல் சுவர் எழுப்பி, எல்லாவற்றுக்கும் மேல் மண் பூசினார்கள். இடித்தது முழுக்க சுடலைமுத்துதான்.

பால் காய்ச்சும் நாளில், வாசலில் நின்ற தாயம்மையிடம் அவர் முகம் சிவக்க வந்தார்.

"அம்மா, கேட்டீங்களா அநியாயத்தை? பேச்சித்தாய் தன் நாத்தனார்கிட்ட சொல்லுதா, அடியில இருக்கிறது கருங்கல்லாம்."

"அப்படியா?"

"கல்லு என்ன செஞ்சுது? கிடந்த இடத்துல கிடந்துது. இந்த டயரு ஓடாத ஊர் உண்டா? ஓடித் தேஞ்ச பிறகும் வீட்டைச் சுமக்குது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் கூசுதோ? என் கையைப் பாருங்க, தோல் உரிஞ்சு கிடக்கு. பொய் சொல்லுதவளுக்கு எதுக்கம்மா வீடு?"

தாயம்மை கடப்பாரையை எடுத்து நீட்டினார்.

"உடைச்சுக் காட்டுங்க, அண்ணாச்சி."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார். பின்பக்க மூலையில் ஓங்கி ஒரு குத்து. மண் பெயர்ந்து விழ, கறுப்பு ரப்பர் தெரிந்தது.

"அங்க என்ன சத்தம்?" உள்ளேயிருந்து நாத்தனார் கேட்டாள்.

"எலியா இருக்கும், மதினி" என்றபடி ஓடிவந்த பேச்சித்தாய், அந்த இடத்தை முதுகால் மறைத்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, ரெண்டு மழைக்கும் பிள்ளைகளோட இவ வீட்டுலதான் ஒண்டிக் கிடந்தேன். சோத்தையும் போட்டா, போட்டதை ஊர் பூரா சொல்லவும் செஞ்சா. குப்பையில கட்டுன வீடுன்னு தெரிஞ்சா அதையும் சொல்லுவா. இன்னிக்கு ஒருநாள் விட்டுருங்க."

சுடலைமுத்து திரும்பி வந்து கடப்பாரையைத் தரையில் போட்டார்.

"பொய் சொன்னது அவ. எலியா ஆனது நான். இது என்னம்மா நியாயம்?"

"அந்த டயர் மேல நாம எதுக்கு மண்ணு பூசினோம்?"

"இதென்ன கேள்வி? வெயில் பட்டா ரப்பர் வெடிச்சு உதிர்ந்துரும்."

தாயம்மை குழைத்த மண் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவ மேல இன்னும் வெயில் அடிக்குது. போய்ப் பூசிட்டு வாங்க, அண்ணாச்சி."