தலைவரின் நீளக்கைச் சட்டை

சூசைத்துறை கால்பந்து கிளப் இரண்டு கோப்பை ஜெயித்ததும் கிளப் தலைவர் தனிஸ்லாசுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்போதைக்கு ஒரு பக்கம் கேலரி கட்டினால் போதும்" என்று ஆட்டக்காரர்களே சொன்னார்கள். கேட்டாரா? ஐம்பதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம்தான் வேண்டுமாம். அந்தக் கடலோர ஊரில் நண்டையும் சேர்த்து எண்ணினாலும் அத்தனை தேறாது! மைதானத்தை ஒட்டிய வீடுகளை இடிக்க ஆளும் பேசிவிட்டார்.

அதில் ஒரு வீடு, கிளப்புக்கு ஜெர்சி தைக்கும் பிரிசில்லாவுடையது. கொஞ்சமும் கூசாமல் அவளிடமே வந்தார்.

"அடிக்கல் விழாவுக்கு எனக்கொரு சட்டை தைச்சுக் கொடு. விழா முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணிடு."

அவள் அளவு நாடாவை எடுத்தாள். "சரிங்க தலைவரே" என்றாள்.

சட்டையை விழா மேடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊர் பார்க்கத் தலைவர் அதை மாட்டினார். சட்டைக் கை இரண்டும் முழங்காலைத் தாண்டித் தொங்கின. பாதிக்குமேல் சிவப்புப் பட்டு.

"என்ன இது?"

"கிளப்போட நீங்களும் வளருவீங்கன்னு தைச்சேன். துணி பத்தலை. ஃபால்ஸ் வைக்கக் கொடுத்த உங்க வீட்டம்மா பட்டுச்சேலையை வெட்டி ஒட்டிட்டேன்."

"யாரைக் கேட்டு வெட்டினே?" மைக் அலறியது.

"எங்க வீட்டை இடிக்க நீங்க யாரைக் கேட்டீங்க?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. பிரிசில்லா பையிலிருந்து சேலையை எடுத்து உதறிக் காட்டினாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"ஒட்டினது கடைத்துணி. வளர்ற பிள்ளைக்குத் துணியை உள்ளே மடிச்சுத் தைப்போம், வளர வளரப் பிரிச்சுவிடுவோம். அடுத்தவங்க சேலையில கத்திரி வைக்க மாட்டோம். உங்க வீட்டுச் சேலை முழுசா இருக்கு, தலைவரே. எங்க வீடும் முழுசா இருக்கணும்."