உச்சியில் பரிமாறிய விருந்து

ரொம்ப ரொம்ப முன்னாலே, மருதவேலி என்ற நாட்டைத் திடவீரர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட அலைந்தார் என்று சொன்னால் பொருந்தும். அரியணையில் அரை நாழிகை உட்கார மாட்டார். எழுவார், நடப்பார், நடந்துகொண்டே ஓர் ஆணை போடுவார், திரும்பி வரும்போது அதை மாற்றுவார்.

அவருக்கு மான் என்றால் உயிர். அரண்மனைக்குப் பின்னால் தேக்கும் வேங்கையும் மருதும் நிறைந்த பெருங்காடு. அதைப் பற்றி எது கேட்பதானாலும் மரவெட்டிகளின் தலைவன் செங்கோடனைத்தான் கூப்பிடுவார். வேட்டைத் தலைவர் பூபாலகேசரிக்கு அது வயிற்றெரிச்சல். ஒரு வருஷம் மான்கள் கொஞ்சம் குறைந்தன. சமயம் பார்த்து அவர் ராஜாவின் காதில் ஓதினார்.

"கோடாரிச் சத்தத்துக்குப் பயந்து ஓடுகின்றன, மகாராஜா."

அவ்வளவுதான். மரத்தை வெட்டினால் கையை வெட்டுவோம் என்று தண்டோரா போட்டாயிற்று.

ஐந்து வருஷம் கோடாரி விழவில்லை. மான்களோ வருஷத்துக்கு வருஷம் குறைந்து, ஆறாம் வருஷம் ஒன்றுகூட இல்லை. காடு இருண்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் செங்கோடன் ஓரிடத்தில் பதினோரு மரங்களைச் சாய்த்தான். பூபாலகேசரி அவனைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் ராஜா சபையின் மறுகோடிக்கு நடந்துவிட்டார்.

"நாளை மறுநாள் கையை எடுங்கள்!"

செய்தி கேட்டதும் செங்கோடனின் மனைவி வேங்கம்மாளுக்கு அடுப்பில் எது கொதிக்கிறது என்றே தெரியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். மன்னிப்புக் கேட்டால் ராஜா கேட்கும் ஆளில்லை. காட்டுக்கு வந்து பாருங்கள் என்றால் பாதி வழியில் திரும்பிவிடுவார். நடந்தபடியே யோசித்தவள், அப்படியே நடந்து அரண்மனைக்கே வந்துவிட்டாள்.

கை இழக்கப் போகிறவன் கடைசியாக அந்தக் கையால் விரும்பிய ஒரு காரியம் செய்துகொள்ளலாம் என்பது அந்த நாட்டு வழக்கம்.

"மகாராஜா, எங்க வீட்டுக்காரர் அந்தக் கையால சபைக்கு ஒரு விருந்து போட ஆசைப்படுறார்" என்றாள்.

"விருந்தா? நாளைக்கே!" என்றார் ராஜா.

மறுநாள் ராஜாவும் சபையும் பந்தலுக்குள் நுழைந்தபோது நெய் மணம் ஆளைத் தூக்கியது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். எதிரே வெறுந்தரை.

"எங்கேயம்மா இலை?" என்று கேட்டார் ராஜா.

"மேலே பாருங்க, சாமி."

மூன்று ஆள் உயரத்தில் பலகைகள் கட்டி, அதன்மேல் இலை போட்டு, லட்டும் வடையும் சோறுமாகக் குவித்திருந்தான் செங்கோடன். ஏணி இல்லை. ஒரு நாழிகை போயிற்று. பசி தாங்காமல் பூபாலகேசரி சமையல்காரன் தோளில் ஏறி எட்டினார். இருவரும் சேர்ந்து மோர்ப் பானைமேல் விழுந்தார்கள். ராஜா முதலில் சிரித்தார், பிறகு சீறினார்.

"என்ன விளையாட்டு இது?"

வேங்கம்மாள் கைகூப்பி முன்னே வந்தாள். "உங்க காட்டுல மானுக்கு இப்படித்தான் சாமி பந்தி நடக்குது. மரமெல்லாம் நெருங்கி மேலே கூரை போட்டுடுச்சு. கீழே வெயில் விழலை, புல்லு முளைக்கலை. தழையெல்லாம் உச்சியில. மானுக்கு மரமேறத் தெரியாதே!"

ராஜா துள்ளி எழுந்தார். "ஆகா! அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டுங்கள்! ஒரு மரம் மிச்சமிருக்கக் கூடாது!"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் பூபாலகேசரி, மோர் சொட்டச் சொட்ட.

ராஜா இப்படித் தலைகீழாகத் திரும்புவார் என்று வேங்கம்மாள் எதிர்பார்த்திருந்தாள். ஒரு கை பிழைக்க ஒரு காடே போவதா?

"சாமி, பந்தி முடியலையே. பாயசம் பாக்கி" என்றாள் அவசரமாக.

பாயசம் வெளியே, உச்சி வெயிலில் காய்ந்த பாறைமேல் வைத்திருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னாள். குடை பிடிப்பவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். தரையோடு தரையாக இலை, பக்கத்திலேயே வடை, கை நிறைய எடுக்கலாம். ஆனால் ராஜா கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார். பூபாலகேசரி எடுத்த வடையை ஒரு பருந்து வந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"இதுதான் சாமி மொட்டைக் காடு. தின்ன இருக்கும். நிக்க இருக்காது, ஒளிய இருக்காது."

நிழலுக்கு ஓடிய ராஜா மூச்சு வாங்கியபடி செங்கோடனைப் பார்த்தார். "அப்போது எதைத்தானப்பா வெட்டுவது?"

விருந்து வைத்து முடித்ததும் மறுபடி கை கட்டப்பட்டு இரண்டு காவலர்களுக்கு நடுவில் நின்றவன் அப்போதுதான் பேசினான். "ஒண்ணை ஒண்ணு நெருக்குற மரத்தை வெட்டணும், மகாராஜா. ஏருக்கும் வண்டிக்கும் ஆகும். ஓடைக்கரையைத் தொடக் கூடாது. விதைக்கு நல்ல மரமா விடணும். பொந்து விழுந்த கிழட்டு மரம் ஆந்தைக்கும் இருவாச்சிப் பறவைக்கும் வீடு. கழிச்ச கிளையைக் குவிச்சு விட்டா முயலும் கவுதாரியும் குடியிருக்கும். இந்த வருஷம் ஓரிடம், அடுத்த வருஷம் வேறிடம்."

"அந்தப் பதினோரு மரம்?"

"அப்படிப் பார்த்து வெட்டினதுதான், மகாராஜா."

ராஜா பூபாலகேசரியின் பக்கம் திரும்பினார். "கேட்டீரா? ஐந்து வருஷம் என் மான்களைப் பட்டினி போட்டிருக்கிறீர். போய் அவன் கட்டை அவிழும்!"

சபையே பார்க்க, வேட்டைத் தலைவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். அவிழ்ந்த கையை வேங்கம்மாள் பிடித்துக்கொண்டாள். செங்கோடனைக் காட்டுக்கு அதிகாரியாக்கி, எந்த மரம் விழலாம், எது நிற்கலாம் என்று சொல்லும் உரிமையை ராஜா அவளுக்குக் கொடுத்தார்.

"பூபாலகேசரிக்கு என்ன தண்டனை? நீயே சொல், அம்மா."

வேங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "ஓடைக்கரைப் பொந்து மரத்துல ஒரு இருவாச்சி அடைகாக்குது. குஞ்சு பறக்குற வரைக்கும் ஐயா அதுக்குக் காவல் இருக்கட்டும்."

பூபாலகேசரி பட்டுத் தலைப்பாகையோடு மரத்தடியில் உட்கார்ந்தார். பெட்டை பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க, ஆண் பறவை சின்ன இடுக்கு வழியாகப் பழம் கொண்டுவந்து ஊட்டும். கொட்டையும் தோலும் அவர் தலையில் விழும். முதல் வாரம் வைதார். இரண்டாம் வாரம் விழுந்த கொட்டைகளை எண்ணினார். ஒரு வேளை பழம் வரத் தாமதமானால் எழுந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

இரண்டு மழை கழித்து, அந்தப் பதினோரு மரம் விழுந்த இடத்தில் முட்டியளவு புல்லும், புல்லுக்குள் நாலு மானும் நின்றன. அதை வந்து பார்க்கும்படி ராஜா பூபாலகேசரிக்கு ஆளனுப்பினார். குஞ்சு பறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் மனுஷன் மரத்தடியை விட்டு வரவில்லை.

போனவன் தனியாகத் திரும்பி வந்து சொன்னான்: "இருவாச்சி மறுபடி பொந்தை அடைச்சுக்கிட்டு அடைகாக்குதாம், மகாராஜா. இப்போ வர முடியாதாம். சத்தம் போடாமப் போன்னு என்னை விரட்டிட்டார்."