இலவம்பஞ்சு மெத்தை

ஏரிக்கரை மருதமரத்தில் பொந்துகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றில்கூடத் தன் உடம்பு நுழையாது என்றாலும், அத்தனையும் தனக்கே சொந்தம் என்று ஒரு குரங்கு வாடகைக்கு விட்டு உட்கார்ந்து தின்றது.

கர்ப்பமாயிருந்த அணில் ஒன்று கணவனோடு வீடு தேடி வந்தது. பக்கத்து மரத்தில் மரங்கொத்தியின் பொந்தை அப்போதுதான் பார்த்திருந்தார்கள். வெறும் பொந்து. தினம் ஓர் அத்திப்பழம் வாடகை, வந்த நாளிலிருந்தே. மரங்கொத்தி சிரிக்கக்கூட இல்லை.

குரங்கோ வாயெல்லாம் பல்லாக வரவேற்றது.

"வாம்மா, பிள்ளைத்தாச்சி! முதல் மாசம் வாடகையே வேணாம். புது இலவம்பஞ்சு மெத்தையும் போட்டு வெச்சிருக்கேன்."

"அதுக்கப்புறம் எவ்வளவுண்ணே?"

"காலையில ஒரு பழம், சாயந்திரம் ஒரு பழம். மழைக்காலம் முடியுற வரைக்கும் இருக்கணும். நடுவுல கிளம்பினா, விட்டுக்கொடுத்த வாடகையும் மெத்தையும் திரும்ப வந்துடணும்."

"ரெண்டு மடங்கா இருக்கேங்க" என்று பெண் அணில் முணுமுணுத்தது.

கணவன் அதற்குள் மெத்தையில் புரண்டு பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரு மாசம் சும்மா கிடைக்குது. அப்புறத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த மாதம் சுகமாகத்தான் போனது. பிரசவம் எப்போது என்று வயிற்றைப் பார்த்தே கணக்குப் போட்டிருந்தது அந்தப் படுபாவிக் குரங்கு. மூன்று குட்டிகள் பிறந்த வாரத்தில் வாடகை தொடங்கியது.

மழையும் பிடித்துக்கொண்டது. பழமெல்லாம் அழுகி உதிர்ந்தது. கிடைத்த நல்லது இரண்டும் குரங்குக்குப் போனது. தாய்க்கு மிச்சமில்லை, அதனால் பாலும் இல்லை.

"குட்டிகளைக் கவ்விக்கிட்டு மரங்கொத்தி வீட்டுக்கே போயிடுறோம்ணே."

"தாராளமா போங்க. விட்டுக்கொடுத்த முதல் மாச வாடகையை வெச்சிட்டு, மெத்தையையும் கொடுத்துட்டு."

"மெத்தை இதோ இருக்கே."

"இதா? குட்டிங்க நனைச்ச பஞ்சு யாருக்கு வேணும்? புதுசு கொண்டு வா."

இலவங்காய் வெடிப்பது கோடையில். கொட்டும் மழையில் பஞ்சுக்கு எங்கே போவது? அணில்கள் அங்கேயே கிடந்தன. கடைக்குட்டி பாலுக்காக முட்டி முட்டிப் பார்த்தது. ஒருநாள் காலையில் முட்டுவதை நிறுத்திவிட்டது.

மழை ஓய்ந்ததும் இரண்டு குட்டிகளோடு அவர்கள் கிளம்பினார்கள். குரங்கு அதே மெத்தையை வெயிலில் உதறி, திருப்பிப் போட்டது. கீழே வயிறு சரிந்த வேறோர் அணில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

"வாம்மா! புது மெத்தை, முதல் மாசம் வாடகையே வேணாம்."

"ஒரு மாசம் கழிச்சு என்னன்னு கேளும்மா" என்றது குட்டியை இழந்தவள்.

"உங்களுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைச்சா வயிறு எரியுதாக்கா?" என்று சொல்லிவிட்டு, வந்தவள் மரமேறினாள்.

குடியேற இனாம் கொடுத்து அழைப்பவன், இனாம் தீர்ந்த மறுநாள் என்ன கேட்பான் என்பதையும், வெளியேற என்ன கேட்பான் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது.