ஊக்கு குத்திய செருப்பு

"எவனோ வேணும்னே செய்யறான், தாயே. நான் யாருன்னு தெரியாம விளையாடறான். கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்."

படலுக்கு வெளியே பூட்ஸைக் கழற்றிப்போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் மாசிலாமணி கொதித்துக்கொண்டே குடில் முற்றத்துக்கு வந்தார். பூங்காவனத்தம்மாள் வயதில் அவருக்குச் சின்னவள்தான். ஆனாலும் ஆறு வருடமாக அவருக்குக் குரு.

"என்ன செய்யறான்?"

"ஸ்டேஷன் வாசல்ல ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கு. தூக்கிக் கிணத்துல போட்டேன். விடிஞ்சா அதே இடம். எரிச்சும் பார்த்தேன். மறுநாள் இருக்கு!"

"யாரோடது?"

மாசிலாமணியின் குரல் இறங்கிவிட்டது.

"போன மாசம் ஒருத்தன் வந்தான். கையில ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணு போட்டோ. அன்னிக்கு மந்திரி விசிட். 'ஓரமா நில்லு, கூப்பிடறேன்'னேன்."

"கூப்பிட்டியா?"

"மறந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் வெயில்லயே நின்னிருக்கான். சுருண்டு விழுந்தவன் ஆஸ்பத்திரி போற வழியிலேயே செத்துட்டான். நாலடி தள்ளி நிழல் இருந்துச்சே, தாயே! நானா காலைக் கட்டிப்போட்டேன்?"

அம்மாள் எழுந்தாள்.

"ஓரமா நில்லு. கூப்பிடறேன்."

உள்ளே போய்விட்டாள். அரிசி புடைக்கிற சத்தம் கேட்டது.

மாசிலாமணி நின்றார். உச்சி வெயில். உள்ளங்கால் பொரிந்தது. நாலடியில் புங்கமரம். பத்தடியில் ஜீப். நகர்ந்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்? கால் எழவில்லை.

முறம் ஓய்ந்தது. வலது காதருகே யாரோ மூச்சு விடுவது கேட்டது.

அவர் திரும்பவில்லை. கண் மட்டும் படல் பக்கம் போயிற்று. பளபளக்கும் பூட்ஸை ஒட்டி அந்த ஊக்கு மின்னியது.

"தாயே! பரிகாரம் சொல்லுங்க! நூறு பேருக்குச் சோறு போடறேன்... இருநூறு பேருக்கு!"

"அவர் சோறா கேட்டு வந்தார்?"

அம்மாள் வெள்ளைத்தாளும் பேனாவுமாக வெளியே வந்தாள். நிழலில் இரண்டு பாய் விரித்தாள். மாசிலாமணிக்கு வலப்புறம் வெறும் வெயிலைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வாங்கய்யா. மொதல்ல நீங்க உட்காருங்க."

ஒரு பாயின் நடுவில் மெல்லக் குழி விழுந்தது.

அவள் பேனாவை மாசிலாமணியின் கையில் திணித்தாள்.

"அந்தப் பொண்ணை இன்னும் யாருமே தேடல. பேர் என்னன்னு இப்பவாவது கேட்டு எழுது."