சூரியனுக்குப் பக்கத்தில்

மலையில் அங்கயற்கண்ணி அம்மையிடம் சீடராக இருந்தவர் சிவக்கொழுந்தர். குருவைவிட வயதில் மூத்தவர். பேச்சை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அடிவாரத்து ஊரில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, யாரும் கேட்காமலே மௌனத்தைக் கலைத்து இறங்கிப் போனார்.

காய்ச்சல் தணிந்த பிறகு திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். கண்ணை மூடித் தியானத்தில் உட்கார முடியவில்லை. தூக்கத்தில் யார் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டார்.

ஒரு மாலை அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"வடக்குச் சரிவில் ஒரு குகை இருக்கிறது, அம்மா. அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. நான் அங்கே போய்விடுகிறேன்."

"ஏன்?"

"இத்தனை வருடமாகச் சேர்த்ததெல்லாம் ஊரில் கொட்டிப் போயிற்று. கிணற்றைப் பூட்டி வைத்த ஊர்த்தலைவரை வாயில் வந்தபடி திட்டினேன். நெசவுக்காரர் ஆண்டியப்பனின் மனைவி என் கையைப் பிடித்தபடியே செத்துப்போனாள். சந்நியாசி என்பதை மறந்து தெருவில் உட்கார்ந்து அழுதேன். இப்போது உள்ளே எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது."

அம்மை எழுந்து பாறை விளிம்புக்குப் போனாள். அவரும் பின்னால் போனார். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. மேற்கில் சாம்பல் பூசியதுபோல் நீண்ட வாலோடு ஒரு நட்சத்திரம் தெரிந்தது.

"காய்ச்சல் இதனால்தான் வந்தது என்கிறார்கள் ஊரில்" என்றார் சிவக்கொழுந்தர்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றேன்."

அம்மை லேசாகச் சிரித்தாள். பிறகு வானத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"வெகுதூரத்தில், இருட்டில், இது உறைந்து கிடந்தது. பனிக்கட்டியும் புழுதியும் சேர்ந்த ஒரு கட்டி. அங்கே இருந்தவரை ஒரு துகள்கூட உதிரவில்லை. இந்தப் பக்கம் வந்ததும் சூடு பட்டது. பனி ஆவியாகிப் பீறிடுகிறது. போகும்போது புழுதியையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் புழுதியில்தான் வெயில் பட்டு நம் கண்ணுக்குத் தெரிகிறது."

"அப்படியானால் அந்த வால்..."

"அதன் உடம்புதான்."

சிவக்கொழுந்தர் வாலின் நுனிவரை பார்த்தார்.

"உதிர்ந்தது திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளுமா?"

"ஒட்டாது. ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் கொஞ்சம் குறையும்."

"குறைந்து குறைந்து எல்லாம் தீர்ந்துவிட்டால்?"

"சிலது உடைந்து சிதறிப் போகும். சிலது வெறும் கல்லாகச் சுற்றும். அதற்கப்புறம் எவ்வளவு நெருங்கிப் போனாலும் வால் வராது."

அவருக்கு ஆறுதலாக இருந்தது. தான் சொன்னதையே அம்மையும் சொல்கிறாள் என்று பட்டது.

"நானும் அதைத்தான் சொல்கிறேன் அம்மா. போனது போகட்டும். நாளைக் காலையில் குகைக்குக் கிளம்புகிறேன்."

"சரி" என்றாள் அம்மை.

படியில் காலடி கேட்டது. மூச்சு வாங்க ஒருவர் ஏறி வந்தார். ஆண்டியப்பன்தான். மனைவியின் காரியம் முடித்து மழித்த தலையில் இன்னும் மயிர் வளரவில்லை. அம்மையை வணங்கிவிட்டுச் சிவக்கொழுந்தர் பக்கம் திரும்பினார்.

"சாமி, சின்னவளுக்கும் சுடுது. யார் கஞ்சி கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேங்குறா. உங்களைத்தான் கேக்குறா."

தாய் செத்த இரவில் இந்தக் குழந்தை சிவக்கொழுந்தரின் மடியில்தான் தூங்கியது.

"வேறு யாரையாவது கூட்டிப் போங்கள்" என்றார்.

ஆண்டியப்பன் அசையவில்லை. கோபப்படவும் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சிவக்கொழுந்தர் குருவைப் பார்த்தார்.

"நீங்களாவது இவரிடம் சொல்லுங்கள், அம்மா. இன்னொரு முறை என்னால் முடியாது. நான் தீர்ந்துபோய்விட்டேன். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை."

அம்மை அவருடைய கைகளைப் பார்த்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

"தீர்ந்துபோனவருக்கு இவ்வளவு பயம் வராது" என்றாள்.

சிவக்கொழுந்தர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆண்டியப்பனுக்கு முன்னால் படியிறங்கினார்.