பிள்ளையார் கோயில்வரை ஒரு கார்

மில் முதலாளி ரத்தினசபாபதியின் பழைய அமெரிக்கக் கார் விலைக்கு வந்தது. ரேசுக்காக அதைத் தரையோடு தரையாக இறக்கிக் கட்டியிருந்தார். வாங்காமல் திரும்புவதில்லை என்று வந்து நின்றான் டாக்ஸி ஓட்டும் மாரப்பன்.

"ரேசிலயும் ஓடும், ரோட்டிலயும் ஓடும். சல்லிக்காசு குறைக்க மாட்டேன்," என்றார் முதலாளி. "ரோட்டுல ஓடாதுன்னு காட்டு, பாதி விலைக்கே எடுத்துக்கோ."

"எனக்கெதுக்குங்க அந்த வம்பு? தெருமுனைப் பிள்ளையார் கோயில்ல, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கித்தான் நாங்க வண்டி எடுப்போம். அதுவரைக்கும் நீங்களே ஓட்டிட்டு வாங்க. முழு விலையும் அங்கயே தந்தர்றனுங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே காரைக் கிளப்பினார். தெருவே அதிர்ந்தது. கேட்டைத் தாண்டியதும் தடாலென்று ஒரு சத்தம். வேகத்தடை மேட்டில் வயிறு தட்டி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் கார் உட்கார்ந்துவிட்டது. தன் பங்களா முன்னால் எவனும் வண்டியில் பறக்கக் கூடாதென்று, ஊரோடு சண்டைபோட்டு அந்த மேட்டை அத்தனை உயரமாகப் போடவைத்தவரே அவர்தான்.

தெரு கூடிவிட்டது. வேர்த்துப்போன முதலாளி இறங்கி வந்தார். "சரிப்பா, பாதி விலைதான். இதை எப்படிக் கொண்டுபோவே?"

"ரேசுக்குக் கூட்டிப்போக உங்க கேட்டுக்குள்ள வருமே, அந்த லாரியை வரச் சொல்லுங்க," என்றான் மாரப்பன். "ரோட்டுல உங்க கார் அதுமேலதானுங்களே ஓடும்."